ஒரே பருவம், இரண்டு வெற்றியாளர்கள்: 2 புள்ளியில் கைமாறிய உலகப் பட்டம்

மரினா பே எஃப்ஒன் பந்தயம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே கார்ப் பந்தயம் 24 மணி நேரம் நீடித்தால்? ஒரே காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டினால்?

அதுதான் உலக நீள்நேரக் கார்ப் பந்தயத் தொடர், சுருக்கமாக டபிள்யூஇசி. 2024 பருவத்தில் கத்தார் முதல் பஹ்ரேன் வரை 8 பந்தயங்கள். உயர்நிலை ஹைப்பர்கார் பிரிவில் 9 நிறுவனங்கள்.

முடிவு? ஓட்டுநர் பட்டம் போர்ஷே அணிக்கு. தயாரிப்பாளர் பட்டம் டொயோட்டாவுக்கு, அதுவும் வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில்!

எப்படி இரண்டு பேர் வெல்ல முடியும்?

இரண்டு பட்டங்களுக்கும் கணக்கு வேறு.

ஓட்டுநர் பட்டம்: ஒரே காரை ஓட்டுபவர்கள் பருவம் முழுக்கச் சேர்க்கும் புள்ளிகள். அந்தக் கார் சறுக்கினால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

தயாரிப்பாளர் பட்டம்: நிறுவனத்தின் அதிகாரபூர்வ கார்களில் முன்னால் வந்த ஒன்றுக்கு மட்டுமே புள்ளி. ஒன்று சொதப்பினாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும்.

போர்ஷேயின் 6ஆம் எண் கார் கத்தாரிலும் ஃபுஜியிலும் வென்றது. இமோலா, ஸ்பா, சாவ் பாவ்லோவில் இரண்டாம் இடம். கெவின் எஸ்ட்ர, ஆண்ட்ரே லொட்டரர், லோரன்ஸ் வந்தோர் மூவரின் பலமே அந்த நிதானம்தான்.

டொயோட்டாவின் வெற்றிகளோ பிரிந்து கிடந்தன. இமோலாவில் 7ஆம் எண் கார், சாவ் பாவ்லோவில் 8ஆம் எண் கார். ஓட்டுநர்களுக்கு அது நஷ்டம், நிறுவனத்துக்கு லாபம்.

இன்னொன்று. ஸ்பாவில் வென்றதும் போர்ஷே கார்தான். ஆனால் அது ஜோட்டா என்ற தனியார் அணியின் கார். அதனால் அந்த வெற்றி தயாரிப்பாளர் கணக்கில் சேரவில்லை.

பஹ்ரேனில் என்ன நடந்தது?

6 மணி நேரப் பந்தயத்தில் வென்றால் 25 புள்ளி. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு 50. பஹ்ரேன் 8 மணி நேரம் என்பதால் வெற்றிக்கு 38, இரண்டாம் இடத்துக்கு 27.

முன்னிலையுடன் வந்தது போர்ஷே. டொயோட்டாவின் 7ஆம் எண் கார் கோளாறால் விலகியது. மிச்சம் ஒரே கார். கடைசிக் கட்டத்தில் செபஸ்டியன் புவேமி போர்ஷேயின் 5ஆம் எண் காரை முந்தி வென்றார். அந்த 11 புள்ளி இடைவெளிதான் பட்டத்தைத் திருப்பிப்போட்டது.

போட்டி ஏன் இவ்வளவு நெருக்கம்?

ஒரு காரணம், கார்களைச் சமப்படுத்தும் விதி. வேகமான காருக்கு எடையைக் கூட்டலாம், சக்தியைக் குறைக்கலாம். பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் "நல்ல கார் செய்தவருக்கே தண்டனையா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

2025இல் இரண்டு பட்டங்களையும் ஃபெராரி அள்ளியது. அந்தப் பருவத்தோடு போர்ஷேயின் அதிகாரபூர்வ அணி தொடரிலிருந்து விலகியது. அந்த 2 புள்ளிக்குப் பழிதீர்க்க இனி எப்போது வாய்ப்பு வருமோ!

நேரில் பார்க்க ஆசையா? ஆசிய லெ மான் தொடர் செப்பாங்கிற்கும் வருகிறது. அதில் பட்டம் வெல்லும் அணிக்கு லெ மான் பந்தயத்துக்கு அழைப்பு உண்டு.