கருவிக்குச் செவியா? செவிக்குக் கருவியா?



ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி பாடினால் தெருவே நின்று கேட்ட காலம் ஒன்றிருந்தது. இன்றோ ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்திருப்பினும் நால்வரின் காதுகளிலும் நான்கு வேறு ஒலிகள். மகன் கைப்பேசியில் பாடம் கேட்கிறான். மகள் அயலார் துயில் கெடாதிருக்க ஹெட்போன் அணிந்து கீபோர்டு பழகுகிறாள். தந்தை செய்தி கேட்கிறார். இதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் இதனையொட்டி வீடுதோறும் எழும் வழக்கு ஒன்றை நாம் அறிவோம். “சத்தத்தைக் குறை” என்பர் பெற்றோர். “குறைத்தால் ஒன்றும் விளங்கவில்லை” என்பர் பிள்ளைகள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அவ்விரண்டு உண்மைகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை அறிய, இம்மாதம் அந்தக் கருவியையே எடுத்து மேசைமேல் வைத்து ஆராய்வோம்.

நாம் இங்கே பேசுவது காது முழுவதையும் கிண்ணம்போல் கவிந்து மூடும் ஹெட்போனைப் பற்றி. அதிலும், கிண்ணத்தின் பின்புறம் அடைக்கப்பட்ட வகையைப் பற்றி. கடைகளில் மிகுதியாக விற்பனையாவதும், ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடுவோர் அணிவதும் இவ்வகையே. இதனை வீட்டிலேயே சிறிது திருத்தி, காதுக்கு இதமாகவும் ஒலிக்குத் தெளிவாகவும் ஆக்கிக்கொள்ள இயலும்.

வீட்டு வேலை என்றதும் எவரும் இளக்காரமாக எண்ண வேண்டாம். 1910-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை தன் கம்பியில்லாத் தந்தியாளர்களுக்காக வாங்கிய ஹெட்போன்களை நத்தானியேல் பால்ட்வின் என்பவர் யூட்டா மாநிலத்தில் தம் வீட்டுச் சமையலறையில்தான் செய்தார்!

உள்ளே நடப்பது என்ன?

கிண்ணத்தினுள் இருப்பது ஒரு சிறிய ஒலிபெருக்கி. பெரும்பாலும் அதன் விட்டம் 4 அல்லது 5 சென்டிமீட்டர். அதன் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்புறம் எழும் ஒலி காதை அடைகிறது. பின்புறமும் அதே அளவு ஒலி எழுகின்றதே, அது எங்கே போகும்? 1968-இல் ஜெர்மானிய நிறுவனமான சென்ஹைசர் ‘எச்டி 414’ என்னும் ஹெட்போனை வெளியிட்டு, பின்புறத்தைத் திறந்தே விட்டது, பின்னொலி வெளியேறிவிடும். ஆனால் அவ்வகையை அணிந்தால் வெளியிரைச்சல் உள்ளே வரும். உள்ளே பாடுவது அடுத்தவருக்கும் கேட்கும். மூடிய வகையில் இவ்விரு தொல்லைகளும் குறைவு. அதற்கு நாம் கொடுக்கும் விலை யாதெனில், பின்னொலி சுவரில் மோதித் திரும்பி வந்து, சவ்வின் வழியே முன்னொலியோடு கலந்து குழப்புவதேயாம்.

இதற்கு எளிய கணக்கு ஒன்றுண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. கிண்ணத்தின் ஆழம் 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அந்த ஆழம் எந்த ஒலியின் அலைநீளத்தில் சரிபாதியோ, அந்த ஒலி கிண்ணத்தினுள் தங்கி ஒத்ததிரும். கணக்கிட்டால் அது ஏறத்தாழ 5,700 ஹெர்ட்ஸ் வருகிறது. நாம் பேசும்போது ‘ஸ’, ‘ஷ’ என்னும் எழுத்துகளில் சீறும் ஒலி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மலிவான மூடிய ஹெட்போனில் பாடகரின் குரல் காதைக் குத்துவதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாழ்ந்த ஒலியின் கதை வேறு. அது காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அடைபட்ட சிறிதளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் பிறப்பது. அந்த அடைப்பில் கீறல் விழுந்தால் காற்று கசியும். தாழ்ந்த ஒலி மறையும். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். வாய் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதே அங்கு ஒலியை ஆள்கிறது. ஹெட்போனிலும் அப்படியே.

முதலில் மெத்தை

ஆகவே, திருத்த விரும்புவோர் திருப்புளியைத் தேடுமுன் மெத்தையைப் பார்க்கவேண்டும். பிள்ளையின் தலையில் ஹெட்போனை மாட்டி, பழகிய பாட்டு ஒன்றை மெதுவான அளவில் வைத்து, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் இலேசாக அழுத்துங்கள். உடனே முழவின் ஒலி கனத்துக் கேட்டால், மெத்தை சரியாக அடைக்கவில்லை என்பது தெளிவு.

காரணங்கள் மூன்று. ஒன்று, மெத்தையின் நுரைப்பஞ்சு நாளடைவில் நசுங்கிப்போதல். இரண்டு, மேலுள்ள செயற்கைத் தோல் வியர்வையாலும் எண்ணெயாலும் செதில் செதிலாக உரிதல். நம் வெப்பத்தில் இது விரைவிலேயே நேர்கிறது. மூன்று, மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தலைக்கும் இடையே வழி உண்டாக்குதல். முதல் இரண்டுக்கும் மருந்து புது மெத்தையே. சோனியின் ‘எம்டிஆர்-7506’ போன்ற பல ஹெட்போன்களில் மெத்தையை விளிம்பிலிருந்து கையால் இழுத்துக் கழற்றலாம். புதியதை உறைபோல் மாட்டலாம். தனி மெத்தைகள் கடைகளில் கிடைக்கின்றன. கண்ணாடி அணிவோர் மெல்லிய காம்புள்ள கண்ணாடியும், காம்பைச் சுற்றிப் படியும் மென்மையான நுரையுள்ள மெத்தையும் தெரிந்துகொள்வது நலம்.

எனினும் மெத்தை வாங்குவது தலையணை வாங்குவது போன்றதன்று. செயற்கைத் தோல் நன்கு அடைக்கும்; ஆனால் வியர்க்கும். வெல்வெட் துணி குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதன் வழியே காற்று கசிவதால் தாழ்ந்த ஒலி குறையும், வெளியிரைச்சலும் சற்று நுழையும். பக்கவாட்டில் தோலும், முகத்தைத் தொடும் இடத்தில் துணியுமாகத் தைத்த மெத்தை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தடித்த மெத்தை காதுமடலுக்கு இடம் கொடுக்கும். ஆயினும் காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள தொலைவை மாற்றிவிடுவதால் ஒலியின் சுவையே மாறும். இதம் வேறு, இசை வேறு என்று பிரித்துவிட இயலாதபடி இரண்டும் இந்தச் சிறு வளையத்தில் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன.

தலைப்பட்டை மிகவும் இறுக்கினால் தலைவலி உண்டாகும். உள்ளே உலோகத் தகடு உள்ள பட்டையாயின், தலையின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஓரிரவு மாட்டி வைத்தால் தளரும். முழுதும் பிளாஸ்டிக்காயின் வளைக்க முயல வேண்டாம், முறியும். அளவுக்கு மேல் தளர்த்தினாலோ அடைப்புக் கெட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வோம்.

பஞ்சும் களிமண்ணும்

மெத்தை சரியான பின்னும் ஒலி கூர்மையாகக் குத்தினால், கிண்ணத்தைத் திறக்கலாம். மெத்தையை நீக்கினால் பெரும்பாலும் மூன்று நான்கு திருகாணிகள் தென்படும். இங்கே பொறுமை வேண்டும். ஒலிபெருக்கியில் காந்தம் இருப்பதால் திருப்புளியின் முனை அதனை நோக்கித் திடீரென இழுபடும். சவ்வில் பட்டால் கிழித்துவிடும். உள்ளே செல்லும் கம்பிகள் மயிரிழை போன்றவை.

சீறும் ஒலியைத் தணிக்க மருந்துக்கடைப் பஞ்சே போதும். 5,700 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 சென்டிமீட்டர்; அதில் கால்பங்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஆதலின் அந்த அளவு தடிமனுள்ள, இலேசாகப் பிரித்துவிட்ட பஞ்சு, கிண்ணத்தின் நடுப்பகுதி வரை எட்டுமாறு இருந்தால், தங்கி ஒத்ததிரும் ஒலியைப் பெரிதும் உறிஞ்சிவிடும். இதனால் தாழ்ந்த ஒலி கெடுமோ என அஞ்ச வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவு. ஒன்றரை சென்டிமீட்டர் பஞ்சினால் அதனை விழுங்க முடியாது. ஒரே உருண்டையை இரண்டாகப் பகுத்து இரு கிண்ணங்களிலும் சம அளவு இடுங்கள். இல்லையேல் பாட்டு ஒரு பக்கம் சாயும். பஞ்சிழை சவ்வைத் தொட்டால் ‘கிர்’ரென்று இரையும், ஆகையால் ஒலிபெருக்கியின் முதுகில் படாதபடி வையுங்கள். அளவுக்கு மேல் திணித்தால் ஒலி உயிரற்றுப்போகும்.

கிண்ணத்தின் சுவரே அதிர்வதும் உண்டு. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். காலி டப்பாபோல் ஒலித்தால், குழந்தைகள் உருவம் செய்து விளையாடும் உலராத களிமண்ணை மெல்லிய தகடாகத் தட்டி உட்சுவரில் ஒட்டலாம். கனம் ஏறிய சுவர் எளிதில் அதிராது. ஆனால் அந்தக் கனத்தைச் சுமப்பது கழுத்து என்பதை மறத்தலாகாது.

இத்துறையில் புகழ்பெற்றது ஜப்பானிய நிறுவனமான ஃபாஸ்டெக்ஸின் ‘டி50ஆர்பி’. சிறு துளைகளை உடைய கிண்ணமும், தட்டையான படலத்தால் ஆகிய ஒலிபெருக்கியும் கொண்டது. பல நாட்டு ஆர்வலர்கள் இதனுள் பஞ்சும் களிமண்ணும் இட்டு, துளைகளை ஒட்டுநாடாவால் மூடியும் திறந்தும், மெத்தையை மாற்றியும் பழகினர். அமெரிக்காவின் டான் கிளார்க் என்பவர் இவ்வாறு திருத்திய ஹெட்போன்களையே ‘மேட் டாக்’ என்னும் பெயரில் விற்றுத் தொழில் தொடங்கினார். பின்னர்த் தம் பெயராலேயே நிறுவனம் நடத்தி, புது ஹெட்போன்களைத் தாமே வடிவமைத்து வருகிறார்.

சில விதிகள்

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைத் தாளில் குறித்து வையுங்கள். பழகிய இரண்டு மூன்று பாடல்களையே மீண்டும் மீண்டும் கேட்டுச் சோதியுங்கள். மீட்க முடியாததைச் செய்யாதீர்கள். மிருதங்கத்தின் தொப்பியில் பூசும் ரவையைக் கச்சேரி முடிந்ததும் எடுத்துவிடுகின்றனர் அன்றோ? அதுபோல, பிடிக்கவில்லையெனில் அகற்றிவிடக்கூடிய பஞ்சும் ஒட்டுநாடாவும் நல்லவை; துளையிடுதலும் பசையிட்டு ஒட்டுதலும் வேண்டாதவை.

பாட்டரி உள்ள புளூடூத் ஹெட்போன்களையும், வெளியிரைச்சலை மின்முறையில் அடக்கும் ஹெட்போன்களையும் வீட்டில் திறத்தல் கூடாது. லித்தியம் பாட்டரியில் திருப்புளி குத்தினால் தீப்பற்றும். மேலும், அவற்றின் ஒலி உள்ளிருக்கும் மைக்ரோபோன்களைக் கொண்டு அளந்து அமைக்கப்பட்டது. பஞ்சு இட்டால் அக்கணக்குத் தவறும். அத்தகையோருக்குக் கத்தி எடுக்காத வைத்தியம் ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் உள்ள ஈக்வலைசரைத் திறந்து, 6,000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பார்க்கலாம். கிண்ணத்தைத் திறக்க அஞ்சுவோர் எவருக்கும் இதுவே முதற்படி.

செவியின் கணக்கு

நிற்க. இத்தனை உழைப்பும் இசைச் சுவைக்காக மட்டுமோ? அன்று. தொடக்கத்தில் சொன்ன வழக்குக்கு இப்போது தீர்ப்புக் கூறலாம். மெத்தை கிழிந்தால் தாழ்ந்த ஒலி கசிகிறது. வெளியிரைச்சலும் உள்ளே நுழைகிறது. பிள்ளை என்ன செய்வான்? ஒலியளவை ஏற்றுவான். “குறைத்தால் ஒன்றும் விளங்கவில்லை” என்று அவன் சொன்னது பிடிவாதம் அன்று, மெத்தையின் குறை.

ஆனால் பெற்றோரின் அச்சமும் வீணன்று. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமே கேட்கத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி. 86-இல் 10 மணி. 89-இல் 5 மணி. பொத்தானை மூன்று நான்கு முறை அழுத்துவதில் ஒரு வாரத்துப் பங்கு ஒரே நாளில் தீர்ந்துவிடக்கூடும். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மட்டுமே. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நோவு தந்து எச்சரிப்பதும் இல்லை, ஓசையின்றியே போய்விடுகின்றன.

ஆகையால் ஹெட்போனைத் திருத்தியதன் பயன் யாதென்று அளக்க ஒரே அளவுகோலைச் சொல்வோம். முன்பு கேட்ட அதே பாட்டை, முன்பைவிடத் தாழ்ந்த அளவில் வைத்தும் நிறைவாகக் கேட்க முடிகிறதா? முடிந்தால் வேலை வென்றது. இல்லையேல், எத்தனை பஞ்சு வைத்தாலும், எத்தனை விலையில் மெத்தை வாங்கினாலும் அது வெறும் விளையாட்டே. ஒலி நன்றாகிவிட்டதென்று மகிழ்ந்து அளவை மேலும் ஏற்றுவாரும் உண்டு. அவர்களுக்குத் திருத்தம் நன்மையாகாமல் தீங்காக முடியும். காதை நன்கு அடைக்கும் கருவியை அணிந்து சாலையில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும் எவருக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவைப்போம்.

வரும் விடுமுறை நாளொன்றில் தந்தையும் பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, வீட்டிலுள்ள பழைய ஹெட்போன் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மெத்தை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பிள்ளையின் தலையில் அதை மாட்டி, ஒலியளவை அவன் கையாலேயே குறைக்கச் சொல்லுங்கள். “போதும், இப்போதே நன்றாக விளங்குகிறது” என்று அவனே சொல்லும் புள்ளி எதுவோ, அதனை இருவரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதட்டிக் குறைத்த ஒலி, நீங்கள் அறையைவிட்டு நீங்கியதும் ஏறிவிடும். அவனே விளங்கிக் குறைத்த ஒலி அங்கேயே நிற்கும்.