கணக்குக் கேட்பது ஐயமன்று, கடமை

ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் இல்லங்கள் சிலவற்றுக்குத் தபாலில் ஒரு தடித்த உறை வந்து சேருவதுண்டு. இப்போது அதுவே மின்னஞ்சலாகவும் வருகிறது. எங்கோ ஒரு நிறுவனத்தில் நாமோ நம் முன்னோரோ வாங்கி வைத்த சில பங்குகளுக்குரிய ஆண்டறிக்கையும், ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பும் அதனுள் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த உறை பிரிக்கப்படுவதே இல்லை. பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போய்விடுகிறது. ஈவுத்தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். சேர்ந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அமைதியாகிவிடுகிறோம்.

இது சரியா என்னும் கேள்வியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு காலைப்பொழுது

எங்கள் அத்தா விட்டுச்சென்ற பங்குகளுள் திருச்சியில் பதிவு பெற்ற சிறு நிறுவனம் ஒன்றின் பங்குகளும் உண்டு. பெயர் இங்கே தேவையில்லை. பல ஆண்டுகள் அதன் அழைப்பைப் பொருட்படுத்தாதிருந்த நான், சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, அறிக்கையை முதல்நாள் இரவே படித்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறிக் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றேன்.

அலுவலகம் திருச்சியில் இருக்க, கூட்டம் ஸ்ரீரங்கத்தில் நடப்பது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். பதிவு அலுவலகத்திலோ, அந்த அலுவலகம் அமைந்த அதே நகரில் வேறோர் இடத்திலோ கூட்டத்தை நடத்தலாம் என்பது சட்டம். தனி நகராட்சியாக இருந்த ஸ்ரீரங்கம், 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அமைந்தபோது அதனோடு இணைந்துவிட்டது. ஆகவே ஆற்றுக்கு அக்கரையில் கூடினாலும் அது ஊருக்குள் கூடியதேயாகும்.

ஐம்பது நாற்காலிகள் போட்ட கூடத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். அவர்களுள் பாதிப்பேர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஸ்ரீரங்கத்துப் பெரியவர். "வாங்கோ பாய், புதுசா வந்திருக்கேளே" என்று வரவேற்றார். அவருடைய அறிக்கையின் ஓரங்களில் சிவப்பு மையில் குறிப்புகள் நிறைந்திருந்தன.

தலைவர் பத்து நிமிடங்கள் பேசினார். தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன. முன்வரிசையிலிருந்து ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். யாரேனும் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்ட குரலில், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை தெரிந்தது. பெரியவர் எழுந்தார். இயக்குநர் ஒருவரின் குடும்பத்தாருக்குச் சொந்தமான கட்டடத்துக்கு நிறுவனம் தரும் வாடகை ஒரே ஆண்டில் ஏறக்குறைய இருமடங்காகியிருப்பதைக் குறிப்புரையின் எண்ணைச் சொல்லிக் காட்டி, காரணம் கேட்டார். கூடத்தில் அமைதி நிலவியது. கூடுதல் இடம் எடுத்துக்கொண்டதாகத் தலைவர் கூறினார். எத்தனை சதுர அடி என்று பெரியவர் கேட்டார். விவரத்தை எழுத்து மூலம் அனுப்புவதாகச் செயலர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து நான் எழுந்தேன். கை நடுங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'இதர வருமானம்' என்று காட்டிய தொகையில் வங்கி வட்டி எவ்வளவு, நிறுவனம் வாங்கியிருக்கும் கடன் எவ்வளவு என்று கேட்டேன். செயலர் பக்கத்தைப் புரட்டி, குறிப்புரையில் இருப்பதைப் படித்துக் காட்டினார். உண்மையில் அது என் கையிலிருந்த அறிக்கையிலேயே இருந்தது. எனக்குத்தான் தேடத் தெரியவில்லை. ஜும்ஆவுக்கு வேண்டிய நேரம் மீதமிருக்கவே கூட்டம் முடிந்தது.

பேருந்தில் திரும்பும்போது ஓர் எண்ணம் உறுத்தியது. வட்டியை விலக்கி வாழ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நான், என் பணம் எங்கே, எப்படி உழைக்கிறது என்று இத்தனை ஆண்டுகள் ஒருமுறையேனும் கேட்டதில்லையே!

முதலாளியும் முயற்சியாளரும்

ஒருவர் முதல் தர, மற்றவர் உழைப்பைத் தர, இலாபத்தை முன்பே பேசிக்கொண்ட விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் முளாரபா என்னும் கூட்டு வாணிபம் நமக்குப் புதியதன்று. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தம் சரக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் நாட்டுக்கு அனுப்பிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அண்ணலாரை மக்கா நகரமே 'அல் அமீன்' என்று போற்றியது. அப்படியிருந்தும் கதீஜா நாயகி தம் பணியாளர் மைசராவை உடன் அனுப்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. திரும்பி வந்த மைசரா பயணத்தில் கண்டவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். நம்பிக்கைக்குரியவர் என்று உலகறிந்தவரிடம் முதலை ஒப்படைத்தபோதும் உடன் ஒருவரை அனுப்பியதை யாரும் அவமதிப்பாகக் கருதவில்லை.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் அண்ணலார் கையை விட்டுப் பார்த்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. ஆண்டறிக்கையின் வழவழப்பான முன்பக்கங்கள் குவியலின் மேற்பரப்பு எனலாம். கணக்கின் குறிப்புரைகளே அதன் உட்புறம். அங்கே கை விட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

திருமறையின் மிக நீண்ட வசனம் கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைப்பது பற்றியதே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு தொகையாயினும் எழுதுவதில் சோர்வு கொள்ளலாகாது என்பது அதன் அறிவுரை. எழுதுவது ஒருவர் கடமை என்றால், எழுதியதைப் படிப்பது மற்றவர் கடமையன்றோ?

பெயரளவில் பங்காளிகள்

கேட்காமலிருந்ததன் விலையை நம் சமுதாயம் பெருந்தொகையாகச் செலுத்தியிருக்கிறது. பெங்களூரில் 2006இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டியில்லாத ஹலாலான இலாபம் தருவதாகச் சொல்லிப் பல்லாயிரக்கணக்கான குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூன் மாதம் அது மூடப்பட்டபோது, மகளின் திருமணத்துக்கென்று சேர்த்தவர்களும், ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்தவர்களும் வாசலில் நின்று அழுதார்கள். அங்கே பணம் போட்டவர்கள் ஏட்டில் வைப்பாளர்களாகக் காட்டப்படவில்லை. வரையறுத்த பொறுப்புடைய கூட்டு நிறுவனங்களின் 'பங்காளிகள்' என்றே பதிவு செய்யப்பட்டிருந்தார்கள்.

பங்காளி என்ற பெயர் இருந்தது. ஆனால் பங்காளி செய்ய வேண்டிய ஒன்றையும் அவர்கள் செய்யவில்லை, செய்யும் வாய்ப்பும் அவர்களுக்குத் தரப்படவில்லை. மாதந்தோறும் பணம் வந்தது. ஆகவே கேள்வி எழவில்லை. தாடியையும் தொழுகையையும் சான்றாகக் கொண்டு ஐந்தொகையைக் கேட்காமல் விட்டுவிட்டோம். மார்க்கப் பற்றுள்ளவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அமானிதத்தைச் சுமப்பவருக்கு அதைவிடப் பெரிய தீங்கை நாம் செய்ய முடியாது. கேட்பார் இல்லாத இடத்தில் நல்லவரும் சறுக்கலாம்.

இந்த நோய் நம் காலத்தது மட்டுமன்று. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பிற்காலத்தில் 1658இல் நம் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றியது. அதன் பங்குதாரர்கள் 1622ஆம் ஆண்டளவில் கிளர்ந்தெழுந்ததற்குக் காரணம், இயக்குநர்கள் கணக்கைக் காட்ட மறுத்ததே. இன்று நமக்குச் சட்டமாகக் கிடைத்திருப்பது அன்று அவர்கள் போராடிக் கேட்டதாகும்.

சட்டம் தந்திருக்கும் உரிமைகள்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் பொதுக்கூட்டம் நடத்தப்பட வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 30 கெடு. குறைந்தது 21 நாட்கள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே கூட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆயிரம் பேர் வரை உறுப்பினர்களாக உள்ள பொது நிறுவனத்தில் ஐவர் நேரில் வந்திருந்தாலே கூட்டம் செல்லுபடியாகும் என்பதையும் நினைவிற்கொள்க. நீங்கள் போகாவிட்டால் கூட்டம் நின்றுவிடாது. நீங்கள் இல்லாமலே நடந்து முடியும்.

போக இயலாதவர் பதிலாள் ஒருவரை அனுப்பலாம். ஆனால் பதிலாள் கூட்டத்தில் பேசச் சட்டம் இடம் தரவில்லை. உங்கள் வாக்கை அவர் சுமந்து செல்வார், உங்கள் கேள்வியைச் சுமந்து செல்ல அவரால் இயலாது. முந்தைய பொதுக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பதிவு அலுவலகத்தில் கட்டணமின்றிப் பார்வையிடும் உரிமையும் உறுப்பினருக்கு உண்டு.

பதிவு அலுவலகம் இருக்கும் ஊரில் கூட வேண்டும் என்ற விதி சிறு பங்குதாரருக்குப் பெரும் துணை. நம் மாவட்டத்து டால்மியாபுரத்தையே பாருங்கள். பெருநிறுவனமாக வளர்ந்து, நிர்வாகத் தலைமையகத்தைத் தில்லியில் கொண்டுள்ள டால்மியா பாரத்தின் பதிவு அலுவலகம் டால்மியாபுரத்திலேயே இருக்கிறது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது காணொளி வழியே கூட்டம் நடத்த அரசு இசைவளித்தது. அதன்பின் பல நிறுவனங்கள் அம்முறையையே பின்பற்றி வருகின்றன. வீட்டிலிருந்தபடியே பெண்களும் முதியோரும் கலந்துகொள்ள இது வழி செய்திருக்கிறது. ஆயினும் ஒரே கூடத்தில் முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்கும் கேள்விக்குள்ள கனம் அதில் குறைவு என்பதே என் கருத்து.

பெட்டியில் உறங்கும் பங்குகள்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தந்தையார் வாங்கிய பங்குப் பத்திரங்கள் இரும்புப் பெட்டியில் கிடக்கும். பெண்மக்களுக்கும் அதில் பங்குண்டு என்பதைத் திருமறை வகுத்திருக்க, ஆண்மக்களே மறந்துவிட்டிருப்பார்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாத பங்குகள், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்பட்டுவிடும். உரிய சான்றுகளோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் வேண்டும் ஆவணங்களைத் திரட்டுவதற்குள் அலைச்சல் மிகும்.

நியமனதாரராக ஒருவர் பெயர் இருப்பதாலேயே அவர் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார், வாரிசுரிமைச் சட்டப்படி மற்ற வாரிசுகளுக்குள்ள உரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆகவே தமக்கைக்கும் தங்கைக்கும் சேர வேண்டியதைத் தம் பெயரில் வைத்திருப்போர் அஞ்ச வேண்டியது நீதிமன்றத்துக்கு மட்டுமன்று.

நூறு பங்கால் என்ன ஆகும்?

நூறு பங்கு வைத்திருப்பவர் எழுந்து கேட்பதால் என்ன மாறிவிடும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். தீர்மானங்கள் மாறவில்லை என்பது உண்மை. அவை அனைத்தும் நிறைவேறின. பெருமளவு பங்குகளை வைத்திருப்போரின் முடிவே இறுதியில் வெல்லும். ஆனால் மூன்று வாரங்கள் கழித்து அந்தப் பெரியவருக்குச் செயலரிடமிருந்து கடிதம் வந்தது. கூடுதலாக எடுத்த இடத்தின் அளவு அதில் இருந்தது. அவர் கணக்குப்படி அந்த உயர்வு முழுவதற்கும் அது காரணமாகவில்லை. அடுத்த ஆண்டு அதையும் கேட்பேன் என்று தொலைபேசியில் சொன்னார். அவர் கேட்பார் என்பது நிறுவனத்துக்கும் தெரியும். அடுத்த ஆண்டு வாடகையை முடிவு செய்யும்போது அந்த நினைவு அறைக்குள் இருக்கும்.

எனக்குக் கிடைத்த பயன் வேறு. பங்கு முதலீடு பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மது, வட்டித் தொழில் போன்றவற்றைத் தவிர்த்து, கடன் மிகாத நிறுவனங்களில் முதலிடலாம் என்போர், இலாபத்தில் கலந்த வட்டிப் பகுதியைக் கணக்கிட்டு ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணக்கை இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் போட்டேன். பெருந்தொகை அன்று. ஆனால் அத்தா காலத்திலிருந்து போடாமல் விட்ட கணக்கு அது.

இந்த ஆண்டும் உறை வரும். பிரித்துப் படியுங்கள். புரியாத இடத்தைக் கோடிடுங்கள். பிள்ளைகளில் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள், ஐந்தொகை படிப்பது அவர்களுக்கு நம்மைவிட விரைவில் கைவரும். கூட்ட நாளன்று ஒரு பேருந்துக் கட்டணம் செலவாகும். நாளை நம் செல்வத்தை எவ்வழியில் ஈட்டினோம், எவ்வழியில் செலவிட்டோம் என்று நம்மிடம் கேட்கப்படும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள், இன்று கேட்பதற்குக் கூச்சப்படலாமா?