சாராய ஆலையின் கழிவு யாருக்கு உரியது?

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கரும்பு பயிரிடுவோரிற் பலர், விஸ்கி என்பது தமக்குச் சம்பந்தமில்லாத சரக்கென்றே எண்ணியிருக்கின்றனர். ஸ்காத்லாந்தில் அது வாற்கோதுமை முதலிய தானியங்களினின்று வடிக்கப்படுவது வாஸ்தவமே. பெங்களூரின் அம்ருத் ஆலையும் 2004-ம் ஆண்டில் வாற்கோதுமை விஸ்கியையே கிளாஸ்கோ நகரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆயினும் நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரால் விற்கப்படுவதிற் கணிசமான பகுதி, கரும்பாலையின் கழிவுப்பாகாகிய மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தைக் கொண்டு தயாராவது. ஐரோப்பாவில் அதனை விஸ்கியென்று விற்கச் சட்டம் இடந்தராது.

நமக்கு வடக்கே கடிலம் ஆற்றுக்கு அப்பாலுள்ள நெல்லிக்குப்பத்தில் 1842-ம் ஆண்டில் சர்க்கரை ஆலை ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்குச் சாராயமும் காய்ச்சப்பட்டது. ஈ.ஐ.டி. பாரி என்ற பெயரில் முதல் மூன்றெழுத்தும் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ்' என்பதன் சுருக்கமே. இக்காலத்தில் மொலாசஸ் சாராயம் பெட்ரோலுடனும் கலக்கப்படுகின்றது. ஆகவே மதுவை வெறுப்பவர் வயற்கரும்பும் சாராய ஆலைக்குப் போகக்கூடும். குடி நல்லதா என்னும் வாதத்தை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. வயலைப் பற்றியே பேசுகிறோம்.

சுற்றுப்புறத்திற்குக் கேடு செய்யாமல் உற்பத்தி செய்கிறோம் என்று இப்போது சாராய ஆலைகள் பல கூறிக்கொள்கின்றன. பார்க்கச் செல்வோருக்குச் செம்பு வாலைகளையும், மரப் பீப்பாய்களையும், கரும்புச் சக்கையால் எரியும் கொதிகலனையும் காட்டுவர். அவை பார்க்கத்தக்கவையே. ஆனால் விவசாயி பார்க்கவேண்டியது ஆலையின் பின்புறம்.

ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் உத்தேசம் 8 முதல் 15 லிட்டர் வரை கழிவு நீர் மிஞ்சும். கருங்காப்பி நிறமும் புளிப்புத் தன்மையும் உடைய அந்நீரில், லிட்டருக்குச் சுமார் 8 முதல் 12 கிராம் பொட்டாசியம் உண்டு. அது எங்கிருந்து வந்தது? சர்க்கரையும் சாராயமும் காற்றும் நீரும் தந்த பொருள்களாலேயே ஆனவை. மண்ணின் சத்து அவற்றில் இல்லை. மண்ணிலிருந்து கரும்பு உறிஞ்சிய சாம்பல்சத்து மொலாசஸில் தங்கிக் கழிவு நீரிற் சேர்கின்றது. மணிச்சத்தின் பெரும்பகுதி ஆலைக் கசடாகிய பிரஸ்மட்டில் தங்கிவிடுகின்றது. அதாவது ஆலையார் தம் சரக்கு முழுவதையும் விற்றுப் பணமாக்கிய பின்பும், நம் வயல் கொடுத்தது அவர்களுடைய குட்டையிலேயே கிடக்கின்றது. சாம்பல்சத்து உரத்திற்கு வெளிநாடுகளையே நம்பியிருக்கும் தேசத்தில் இதனை வீணாக்குவது தகாது. ஸ்காத்லாந்தில் வடித்தபின் மிஞ்சும் தானியச் சக்கை பண்ணை மாடுகளுக்குத் தீவனமாகத் திரும்பிச் செல்கின்றது. நம் கரும்புக்குரியதும் கரும்புக்கே திரும்பவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

ஆயினும் பச்சைக் கழிவு நீரை அப்படியே வயலில் விட ஒருவரும் இசையலாகாது. இனாமாக லாரியில் வருகிறதென்று வாங்கினால் பயிர் கருகும், உப்பு ஏறும், கிணற்று நீர் பழுப்பாகும். மூடிய தொட்டியிற் புளிக்க வைத்து எரிவாயு எடுத்தால் நாற்றமும் வேகமும் பெரிதும் தணியும். சாம்பல்சத்து குறையாது, உப்பும் நிறமும் நீங்கா. எனவே அதன் பின்னும் பிரஸ்மட் குவியல்களில் தெளித்து, அடிக்கடி கிளறி, ஒன்றரை இரண்டு மாதம் மக்கவைத்த எருவே விவசாயிக்கு ஏற்றது. கழிவைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கும் ஆலைகளும் உள. அச்சாம்பலிலிருந்து தயாராகும், 14.5 சதவீதம் சாம்பல்சத்துள்ள உரத்தை மத்திய சர்க்கார் 2021-ம் ஆண்டில் மானியத் திட்டத்திற் சேர்த்தனர்.

கரும்பு ஒப்பந்தம் எழுதும்போது டன்னுக்கு என்ன விலை என்பதோடு, எத்தனை மூட்டை எரு திரும்பும், எவ்விலைக்கு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வது முறை. தனியொருவர் கேட்டால் ஆலையார் சிரித்து அனுப்பிவிடலாம். ஊரார் கூடிக் கேட்டால் அப்படிச் செய்தல் எளிதன்று.

நெய்வேலிச் சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருவதால், தொழிற்சாலையின் கழிவு பாசனத்திற் கலப்பதன் நன்மை தீமைகள் நம் பக்கத்தாருக்குப் புதியவையல்ல. சாராய ஆலைக்கருகேயுள்ள கிராமங்களின் அதிகாரிகள், குறிப்பிட்ட சில கிணறுகளின் நீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைத் தேதியுடன் பதிந்து வைப்பாராக. வழக்கு நேருங்கால் இப்பதிவே சாட்சி. எருவை வாங்குவோர் கடைசி உழவில் இட்டு, மண் பரிசோதனைப்படி பொட்டாஷ் உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வடிகாலில்லாத களிமண் நிலத்தில் முதற்போகத்திற்குச் சிறு பாத்தியளவே இட்டுப் பார்க்கவும்.