'ஹேங்' என்னும் ஒரு சொல், மூன்று நோய்கள்

கணினி நின்றுபோனால் பெங்களூர்த் தமிழில் அதற்கு ஒரே சொல்தான்: 'ஹேங்'. மவுஸ் நகராவிட்டாலும் ஹேங். கோப்பு திறக்கத் தாமதமானாலும் ஹேங். நகலெடுக்கும்போது திரை உறைந்தாலும் ஹேங். பேச்சுக்கு இந்தச் சொல் போதும். பழுது பார்ப்பதற்குப் போதாது. காய்ச்சல் என்று கேட்டவுடன் நாடி பாராமல் மருந்து எழுதும் மருத்துவரை யாரும் நம்புவதில்லை. கணினிக்கு மட்டும் "ரேம் போடுங்கள்", "பழைய மெஷின், மாற்றிவிடுங்கள்" என்ற தீர்ப்புகள் உடனே வந்துவிடுகின்றன.

நீலசந்திராவின் சந்தொன்றில் ஒரு சிறிய ஸ்டுடியோ இருப்பதாகக் கொள்வோம். லினக்ஸ் கணினியிலிருந்து திருமண வீடியோவைப் பென்டிரைவுக்கு மாற்றுகிறார்கள். தொடக்கத்தில் நகலெடுப்பு விரைந்து ஓடுகிறது. பிறகு அப்படியே நிற்கிறது. பக்கத்துச் சாளரத்தில் பில் தட்டச்சு செய்பவரின் எழுத்தும் நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாக உயிர்பெறுகின்றன. இதற்குக் காரணம் கணினியின் முதுமை அன்று, கடன்.

எழுதச் சொன்ன தரவை இயக்குதளம் உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று செயலிக்குச் சொல்லிவிடுகிறது. இப்படித் தேங்கியவை 'டர்ட்டி' பக்கங்கள். பயன்படக்கூடிய நினைவகத்தில் 10 விழுக்காட்டை இவை எட்டினால் பின்னணியில் எழுதும் வேலை தொடங்கும். 20 விழுக்காட்டை எட்டினால், எழுதும் செயலியே நிறுத்தி வைக்கப்படும். இவை லினக்ஸின் இயல்பான வரம்புகள். 16 ஜிபி நினைவகத்தில் 20 விழுக்காடு ஏறத்தாழ 3.2 ஜிபி. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு இந்தப் பாக்கியைத் தீர்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பில் கோப்பைச் சேமிக்க முயன்ற செயலியும் அதே நெரிசலில் காத்திருக்க நேரலாம்.

4 ஜிபி இருந்த கணினியில் இந்தப் பாக்கியின் உச்சம் 0.8 ஜிபிதான். ரேமை நான்கு மடங்காக்கினால் பாக்கியும் நான்கு மடங்கு வரை வளரும். கடைக்காரர் பணம் கொடுத்து நோயை வளர்த்துக்கொள்கிறார். 2013இல் இச்சிக்கல் கெர்னல் உருவாக்குநர்களிடம் விவாதத்துக்கு வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் சுட்டிக்காட்டியதும் இதையே: விழுக்காட்டுக் கணக்கு, நினைவகம் சில மெகாபைட்டுகளாக இருந்த காலத்தின் எச்சம்.

நோய் இது ஒன்றே என்பதும் பிழை. நினைவகம் உண்மையிலேயே போதாமல் ஸ்வாப்பில் தவிக்கும் கணினியும் இப்படித்தான் உறையும். அதற்கு ரேம்தான் மருந்து. வட்டே பழுதாகி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போதும் இப்படித்தான் உறையும். அங்கே முதல் வேலை தரவைக் காப்பாற்றுவது. குறி ஒன்று, நோய் மூன்று, மருந்தும் மூன்று.

வேறுபடுத்தி அறிவதும் கடினமன்று. உறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. 'மெம்இன்ஃபோ' கோப்பில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' எண்கள் பெருத்திருந்தால் எழுத்துப் பாக்கி. 'விஎம்ஸ்டாட்' காட்டும் ஸ்வாப் நெடுவரிசைகள் இடைவிடாமல் ஓடினால் நினைவகப் பற்றாக்குறை. கெர்னல் பதிவேட்டில் வட்டுப் பிழைகள் வரிசையாக வந்தால் வன்பொருள் பழுது. 2018இல் வெளிவந்த 4.20 பதிப்பு முதல், செயலிகள் எவ்வளவு நேரம் வட்டுக்காகவோ நினைவகத்துக்காகவோ காத்துக் கிடந்தன என்பதை விழுக்காடாகவே கெர்னல் சொல்கிறது. இரண்டு நிமிட வேலை.

இதில் பெங்களூருக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நிறுத்தாமலே அதன் உள்ளே எட்டிப்பார்க்க உதவும் 'கேபுரோப்ஸ்' 2004இல் 2.6.9 பதிப்பில் சேர்ந்தது. அதன் மூலநிரல் கோப்பின் தலைப்பில் வம்சி கிருஷ்ணா, பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா ஆகிய ஐபிஎம் இந்தியாவின் பொறியாளர்களது பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களது லினக்ஸ் குழு இயங்கியது இந்நகரில்தான். உலகுக்கு நாடி பார்க்கும் கருவி தந்த ஊரின் தெருக்களில் நாடி பார்க்காமலே கணினிகள் கழிக்கப்படுவது நியாயமன்று.

'கடையில் கூட்டம் நிற்கும்போது அளந்துகொண்டிருக்க முடியுமா?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. அதனால்தான் முழுப் பொறுப்பையும் தெருக்கடைப் பழுதுபார்ப்பவர் மீது சுமத்தக் கூடாது. கெர்னலும் கைகட்டி நிற்கவில்லை: 2012இல் வந்த 3.2 பதிப்பு எழுதுவோரைத் தடுக்கும் முறையைச் சீராக்கியது. 2017இல் வந்த 4.10 பதிப்பில் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் பணியால் பின்னணி எழுத்து மற்ற வேலைகளை நெரிக்காதிருக்க வழி பிறந்தது. விண்டோஸ் 10 தன் 1809 பதிப்பில் வெளிவட்டுகளுக்கு எழுத்துத் தேக்கத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டது. லினக்ஸிலும் விழுக்காட்டுக்குப் பதில் நிலையான பைட் அளவை வரம்பாக வைக்க முடியும், செலவில்லை. இதை நிறுவும்போதே செய்து தருவது வழங்கல்களைத் தயாரிப்போரின் கடமை.

அதைவிட முதன்மையானது, திரை உண்மையைச் சொல்வது. நகலெடுப்புப் பட்டை நிறைந்தவுடன் வேலை முடிந்ததென்று நம்பிப் பென்டிரைவைப் பிடுங்குகிறார்கள். நினைவகத்தில் தேங்கிய பகுதி அத்தோடு போகிறது. போவது ஒரு குடும்பத்தின் திருமண வீடியோவாக இருக்கலாம். 'இன்னும் 2 ஜிபி எழுதப்பட வேண்டும், பிடுங்காதீர்கள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரு வரி காட்டுவதற்குத் தேவையான எண் கெர்னலிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது பயனரின் கண்ணுக்கு வரும்வரை, 'ஹேங்' என்ற சொல்லுக்கான விலையை வாடிக்கையாளரும் கடைக்காரரும்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.