சும்மா காமெடிதானே?

"காமெடி கேரக்டர்தானேடா, அதுக்கு எதுக்கு இவ்ளோ சீரியஸ்?" என்று கேட்டான் நண்பன். பதில் சொல்ல 1787-க்குப் போக வேண்டியிருக்கிறது. (காமர்ஸ் படிக்கிறவனுக்கு அமெரிக்க நாடகத்தோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். புதுக் கம்பெனிக்கு பிராண்ட் தேவை என்றால், புது நாட்டுக்கும் தேவைதானே!)

அந்த வருடம் ஏப்ரல் 16-ம் தேதி, நியூயார்க் ஜான் ஸ்ட்ரீட் தியேட்டரில் ராயல் டைலர் எழுதிய 'தி கான்ட்ராஸ்ட்' மேடையேறியது. அமெரிக்கர் எழுதி, தொழில்முறைக் குழு நடித்த முதல் நகைச்சுவை நாடகம். இங்கிலாந்து மோகம் பிடித்த டிம்பிள் ஒரு பக்கம். சுதந்திரப் போரில் சண்டை போட்ட கர்னல் மேன்லி மறுபக்கம். மேன்லியின் கூடவே வருகிறான் ஜொனாதன். சரியான பட்டிக்காட்டான். நாடகக் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டில் நடப்பதைப் பார்ப்பதாக நினைக்கிறவன். ஆனால் யாராவது 'வேலைக்காரன்' என்று சொல்லிவிட்டால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே 'இவன் நம்ம ஆள்' என்று சொந்தம் கொண்டாடியது. 'யாங்கி' பாத்திரங்கள் வரிசையாக வந்தன. உண்மையான காமெடி என்னவென்றால், ஜொனாதனாக நடித்த தாமஸ் விக்னெல் இங்கிலாந்தில் பிறந்தவர் :-)

இதுவரை ஓகே. அடுத்ததுதான் உறுத்துகிறது.

1829 டிசம்பரில் வந்தது 'மெட்டமோரா'. பூர்வகுடித் தலைவனாக எட்வின் ஃபாரஸ்ட் வீரமாகப் பேசி, கடைசியில் செத்துப்போவார். பலத்த கைத்தட்டல். ஆறு மாதம்கூட ஆகவில்லை, பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே வெளியேற்ற வழிசெய்யும் சட்டம் வந்துவிட்டது. அதே காலத்தில்தான் டி.டி. ரைஸ் என்ற வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசி 'ஜிம் க்ரோ' ஆனார். பின்னாளில் கறுப்பர்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜொனாதனுக்கு மேடையிலேயே எதிர்த்துப் பேச இடம் இருந்தது. மற்ற இரண்டு பேருக்காகவும் வேறு யாரோ பேசினார்கள். கறுப்பர்கள் தாங்களே நடிக்க முயற்சி செய்யாமல் இல்லை. 1821-ல் வில்லியம் பிரவுன் நியூயார்க்கில் கறுப்பின நடிகர்களை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டார். ரகளையும் போலீஸ் தொல்லையும்தான் மிச்சம். கொஞ்ச வருடத்தில் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று.

கேலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோமோ, அவன் திருப்பிப் பேச முடிகிறதா? முடிந்தால் அது காமெடி. முடியாவிட்டால், பின்னால் ஏதோ சட்டம் வரப்போகிறது என்று அர்த்தம்.

இப்ப சொல்லுடா, சும்மா காமெடிதானா?