மயானத்து ஏடும் மாநகராட்சி ஏடும்

இப்பகுதியில் சாவைப் பற்றி எழுத நேர்ந்ததை அன்பர்கள் பொறுத்தருள்க. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்த நம்மவர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் தம் வாடகை வீட்டில் காலமானார். இரவோடிரவாக உடலைத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுசென்று எரித்தனர். இப்போது வாரிசுச் சான்றிதழுக்காக மனைவியார் தாசில்தார் அலுவலகம் சென்றால், இறப்புச் சான்றிதழ் எங்கே என்கின்றனர். "எல்லாம் வண்டிக்காரரே எழுதிக் கொடுப்பார் என்றிருந்தோம், ஐயா" என்றார் அம்மையார்.

அமெரிக்காவில் ஈமக்காரியம் நடத்துவோருக்கு அந்தந்த மாநிலமே உரிமம் தந்து ஏட்டில் பதிகிறது. கொலராடோ மாநிலம் மட்டும் அதைக் கைவிட்டிருந்தது. 2023-இல் அங்கே ஒரு கட்டடத்தில் அடக்கம் செய்யப்படாத உடல்கள் ஏறத்தாழ 190 கண்டெடுக்கப்பட்ட பின்னரே, 2024-இல் மீண்டும் சட்டம் செய்தனர். நம் நாட்டில் அத்தகைய உரிமம் இல்லை. நகராட்சிச் சட்டப்படி உரிமம் பெற வேண்டியது மயானமே. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் மயானப் பொறுப்பாளரும் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆயினும் வீட்டில் நேர்ந்த சாவுக்கு முதற்கடமை குடும்பத் தலைவருடையது. மருத்துவமனையாயின் அதன் பொறுப்பு மருத்துவருடையது. கெடு 21 நாள்.

நம் குடும்பங்கள் தவறுவது இடத்தைப் பற்றித்தான். எரித்த ஊரில் அன்று, உயிர் பிரிந்த ஊரிலேயே பதிவு நடைபெறும். 1967-இல் மட்டாஞ்சேரி நகராட்சி கொச்சி மாநகராட்சியோடு இணைந்தமையால், இங்கு நேரும் சாவுக்கு மாநகராட்சிப் பதிவாளரே உரியவர். ஊருக்குச் செல்லும் வழியில் வண்டியிலேயே உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிய வேண்டும். பாலக்காட்டில் நின்றால் பாலக்காடு!

ஓராண்டு கடந்துவிட்டால் முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் முதல் மாவட்ட ஆட்சியரோ, கோட்ட அளவிலான மாஜிஸ்திரேட்டோ, ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக மாஜிஸ்திரேட்டோ விசாரித்து உத்தரவிடலாம். அம்மையாரின் கையில் வேறு சான்று ஏதுமில்லை; ஊர் மயானத்து ஏட்டில் காவலாளி பென்சிலால் எழுதி வைத்த ஒரு வரி மட்டும் கிடைத்தது. அதில் தேதி உண்டு, தகப்பனார் பெயரும் உண்டு.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் முதலெழுத்தை இங்குள்ளவர் சில வேளை பெயரின் பின்னே எழுதிவிடுகின்றனர். தகவல் தந்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் நகலை வாங்கும்போதே ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை திருத்த வழியுண்டு; ஆனால் அதற்கும் நடை உண்டு.

பதிவில்லை என்று மாநகராட்சியில் எழுதி வாங்கியாயிற்று. அம்மையார் வரும் திங்களன்று கோட்டைக் கொச்சி கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்கிறார். மலையாளத்தில் மனு எழுதித் தர வல்ல அன்பர் ஒருவர் உடன் செல்ல இயலுமாயின், ஞாயிறு மாலைக்குள் சங்கத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.