பழைய பைக்குக்கு உயிர் கொடுக்கும் பெரம்பூர்! பில் இல்லாத எஞ்சினால் போலீஸ் நிலைய வாசல்!

பெரம்பூர், செம்பியம், அகரம், ஜமாலியா பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். மாடிப்படிக்குக் கீழே, தாழ்வாரத்தில், சில வீடுகளில் கூடத்திலேயே, செங்கல் முட்டுக் கொடுத்து நிற்கும் சக்கரமில்லாத மோட்டார் சைக்கிள். பக்கத்தில் பழைய பேப்பரை விரித்து அதன் மேல் நட்டு, போல்ட், பிஸ்டன், செயின். "சாப்பிட வர்றியா இல்லையா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "தோ வர்றேன்" என்று வெளியேயிருந்து பதில் போகும். ஆள் போக மாட்டார்.

பகலில் ஒர்க் ஷாப்பிலோ கம்பெனியிலோ கடையிலோ வேலை. ராத்திரி இந்த வேலை. பத்து வருஷம், இருபது வருஷம் துருப்பிடித்துக் கிடந்த எஸ்டி, ராஜ்தூத், புல்லட், ஆர்.எக்ஸ். 100 வண்டிகளுக்கு இப்படித்தான் உயிர் வருகிறது.

உயிர் வந்த வண்டி தெருமுனையைத் தாண்டியதும் என்ன நடக்கிறது?

"ஓரங்கட்டு. புக் எங்கே? இந்த எஞ்சினை எங்கே வாங்கினே?"

பலருக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. நல்ல தொழில்காரர் என்று பெயர் வாங்க வேண்டியவர் 'சந்தேகத்துக்கு இடமான ஆசாமி' ஆகிவிடுகிறார். இதற்குப் போலீசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. வண்டி கட்டுகிறவர்களிடம் அசட்டையும் இருக்கிறது.

ரெயில்வே செய்தால் பாராட்டு!

இதே பெரம்பூரில், லோகோ ஒர்க்ஸில், 2010-ம் ஆண்டு ஒரு அதிசயம் நடந்தது. இங்கிலாந்தில் 1855-ல் செய்யப்பட்ட 'இ.ஐ.ஆர். 21' என்ற நீராவி எஞ்சின், நூறு ஆண்டுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் வெறும் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. அதை இங்கே கொண்டுவந்து பிரித்து மேய்ந்து, மறுபடியும் புகை விட்டு ஓட வைத்தார்கள் பெரம்பூர் தொழிலாளர்கள். 155 வருஷத்து எஞ்சினுக்கு எந்தக் கடையில் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்பது? இல்லாததைக் கையால்தான் செய்தாக வேண்டும். நாடே பாராட்டியது.

அந்த ஒர்க்ஸின் மதில் சுவருக்கு வெளியே, அதே கைப்பக்குவம் உள்ள ஒருவர் 1975-ம் வருஷத்து எஸ்டியை ஓட வைத்தால் மட்டும் "எங்கே தூக்கின வண்டி?" என்ற கேள்வியா?

இந்தக் கைப்பக்குவம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1955-ம் ஆண்டு வடசென்னைக்கு ராசியான ஆண்டு. அந்த வருஷம்தான் பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலையை அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வைத்தார். அதே வருஷம் திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா கம்பெனி உருவானது. ராணுவத்துக்கு வேண்டிய புல்லட் 350 வண்டிகளை இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு பூட்ட ஆரம்பித்தவர்கள், சில வருஷங்களில் பாகங்களையே இங்கே செய்யத் தொடங்கினார்கள். புல்லட் மட்டுமா? ஷெர்பா, குரூசேடர், மினி புல்லட், பேன்டாபுலஸ் ஸ்கூட்டர் என்று எத்தனையோ வண்டிகள் திருவொற்றியூர் கேட்டைத் தாண்டி ஓடின. இன்று அந்தப் பெயர்களைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் மிட்டாய் பெயரா என்று கேட்கும்.

அப்பா பிட்டர், பெரியப்பா டர்னர், மாமா வெல்டர். இப்படிப்பட்ட குடும்பத்துப் பையனுக்கு ஸ்பேனர் பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மண்ணில் தாவிய வண்டிகள்

பழைய வண்டி கட்டுகிறவர்களில் ஒரு தனி ஜாதி உண்டு. அவர்கள் தேடுவது மண்ணில் ஓட்டிய பந்தய வண்டி. வெளிநாட்டில் மண்ணுக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் கம்பெனியிலிருந்து நேராக வந்தது. இங்கே அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைக் கடைக்குப் போய் வாங்க வழியில்லை. ரோட்டு வண்டியைத்தான் வீட்டில் வைத்து மண் வண்டியாக மாற்றினார்கள். முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டுவது, சைலன்சரை மேலே வளைப்பது, பின் சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போடுவது, முள்முள்ளாகத் துருத்திய டயர் மாட்டுவது, விளக்கையும் இண்டிகேட்டரையும் கழற்றி எறிவது. எஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100, பிறகு டி.வி.எஸ். சுசுகி ஷோகன் எல்லாம் இந்த அடி வாங்கியவைதான்.

செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களை வடசென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அது மண் பாதை அல்ல. ஆனால் வேகப் பைத்தியம் இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பிடித்த இடம் அதுதான். பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. பைத்தியம் போகவில்லை.

இப்படி வெட்டி ஒட்டிய வண்டி ஒன்று இன்று காயலான் கடையில் கிடைத்தால், கட்டுகிறவருக்குப் பெரிய குழப்பம். மண் வண்டியாகவே வைப்பதா, கம்பெனி விட்ட உருவத்துக்குக் கொண்டுபோவதா? ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் கம்பெனி உருவம்தான் புத்திசாலித்தனம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அடித்துச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, உரிமையாளர் இப்படி மாற்றம் செய்தால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். மண் வண்டியாகவே வேண்டுமா? குட்டி யானையில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, மறுபடியும் ஏற்றி வரட்டும்.

சின்ன வேலையா இது?

வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். முதல் எதிரி துரு. காசிமேட்டிலிருந்து வரும் உப்புக் காற்று டேங்கின் உள்பக்கத்தைக்கூட விட்டு வைப்பதில்லை. இரண்டாவது எதிரி வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் தெருக்களில் வண்டிகள் தண்ணீரில் முழுகிக் கிடந்தன. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டன் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டால், சுத்தியலை எடுப்பவன் முட்டாள். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி நாள் கணக்கில் ஊறப் போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

பிறகு லேத் பட்டறை. பிளாக்கில் கோடு விழுந்திருந்தால் போர் போட்டு ஒரு அளவு பெரிய பிஸ்டன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் ஓரத்து ஆயில் சீல் காற்று விட்டால் நூறு தடவை உதைத்தாலும் ஒழுங்காக ஓடாது. கார்பரேட்டர் ஜெட்டில் ஊசி முனை அளவு அழுக்கு இருந்தால் போதும், வண்டி இழுக்காது. இப்போது புதுத் தலைவலியாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் வாஷரும் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாற்ற வேண்டியதுதான்.

எஸ்டியில் உதைக்கிற கம்பியே கியர் கம்பியும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரசரை அழுத்தி, பதம் பார்த்து உதைக்க வேண்டும். தெரியாமல் உதைத்தால் திருப்பி உதைக்கும். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை.

வில்லங்கம் எங்கே?

எஞ்சின் கேஸ் உடைந்து போச்சு. என்ன செய்வது? புதுப்பேட்டைக்கு நடையைக் கட்டு. அங்கே கிடைக்காத சாமான் கிடையாது என்பது பெயர். ரேட்டு பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்து, கோணிப்பையில் சுருட்டி வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பில்? "பழைய சாமானுக்கு ஏதுப்பா பில்லு?"

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பம்.

ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு நம்பர் குத்தியிருக்கும். சேசிஸ் தலைப்பகுதியில் இன்னொரு நம்பர். இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய ஆர்.எக்ஸ். 100-க்கு வாலிபர்களிடம் இருக்கும் கிராக்கி திருடர்களுக்கும் தெரியும். திருடிய வண்டியை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து எஞ்சின் ஒரு பக்கம், சேசிஸ் ஒரு பக்கம் விற்றுவிடுவது பழைய டெக்னிக். அந்த எஞ்சின் அப்பாவி ஒருவரின் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தால்? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு பாயலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. 'எனக்குத் தெரியாது சார்' என்று சொல்லலாம். ஆனால் பாதி விலைக்கு, பில் இல்லாமல், நம்பரை அரம் போட்டு ராவிய எஞ்சினை வாங்கிவிட்டு அப்படிச் சொன்னால் யார் நம்புவார்?

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பரைக் கொடுத்தால், அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் துண்டுச் சீட்டிலாவது நம்பரோடு எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் எஞ்சின் வாங்காமல் இருப்பதே மேல்.

அப்பா காலமாகி, வண்டி அப்பா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். 31-ம் நம்பர் பாரத்தில் வாரிசு மனுக் கொடுத்தால் பெயர் மாறும். ஆர்.சி. புத்தகம் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து 26-ம் நம்பர் பாரம். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் முதல் ஆள் எங்கே இருக்கிறாரோ! 29, 30-ம் நம்பர் பாரங்களில் அவருடைய கையெழுத்துக்கு எங்கே போவது? நல்ல வண்டிகள் பல காயலான் கடைக்குப் போவது இந்த ஒரு கையெழுத்தால்தான்.

50 வயசு ஆகணுமாம்!

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டைத் தாண்டி, எஞ்சின், சேசிஸ், பாடியில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம். அதற்குப் பிறகும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். பங்களா வாசலில் பழைய கார் நிறுத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது. ஒண்டுக்குடித்தனத் தாழ்வாரத்தில் வண்டி கட்டுகிறவர் 20 ஆயிரத்துக்கு எங்கே போவார்?

1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100 அந்த எழுத்தை மாட்ட 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது சாதாரணப் பழைய வண்டிதான். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் ஆயிரம் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 2 ஆயிரம் ஆக்கினார்கள். பசுமை வரி தனி. பணமாவது கட்டிவிடலாம். எஞ்சின் மாறியிருந்தால் அனுமதி வாங்கிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமே, அதற்குத்தான் நாய் படாத பாடு. புரோக்கர் இல்லாமல் நடக்காது என்று ஜனங்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தார் சொல்வதும் நியாயமே. ராத்திரி பத்து மணிக்கு மேல் டூ ஸ்ட்ரோக் வண்டியை முறுக்கினால் கைக்குழந்தை தூங்குமா? பெயிண்ட் ஸ்பிரே வாசனையில் ஆஸ்துமாக்காரர் என்ன செய்வார்? கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது ஓட்டேரி நல்லாவுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும்தான் போகும். சமையல் அடுப்பு எரிகிற வீட்டில் பெட்ரோலைப் பாட்டிலில் வைப்பது தற்கொலைக்குச் சமம். கட்டி முடித்த வண்டியின் சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ரேஸ் விடும் பொடியன்களுக்குச் சாவி கொடுக்கிறவர்கள் மேல் கேஸ் போட்டால் யாரும் வக்காலத்து வாங்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வழி வேண்டும். மாதத்தில் ஒரு நாள், வடசென்னையில் ஒரு மைதானத்தில், பழைய இரு சக்கர வண்டிகளுக்கென்று ஆர்.டி.ஓ.வும் போலீசும் சேர்ந்து முகாம் போடட்டும். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பரைத் திருட்டுப் பட்டியலோடு அங்கேயே சரிபார்க்கட்டும். சுத்தமாக இருந்தால் மாற்றிய எஞ்சினைப் புத்தகத்தில் ஏற்றிக் கொடுக்கட்டும். முதல் சொந்தக்காரர் காணாமல் போன கேசுகளில் பத்திரிகை விளம்பரம், உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு பெயர் மாற்ற விதியில் இடம் செய்யட்டும். நம்பரை ராவிய வண்டி வந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளட்டும். திருட்டு வண்டிக்காரன் அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

இதற்குக் கோடி ரூபாய் திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு வாகன ஆய்வாளர், ஒரு போலீஸ் ஏட்டு, கையில் ஒரு டார்ச் லைட். துருவைத் தேய்த்து நம்பரைப் படிக்க ஒரு கம்பி பிரஷ். அதைக்கூட வண்டிக்காரரே கொண்டுவந்துவிடுவார்.